நான்கில் ஒரு பங்கு

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தை நாம் அனைவரும் அறிவோம். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் ஒரு கணக்குச் சொல்கிறார். மருத்துவம் என்பது நான்கு பகுதிகளைக் கொண்டது. நோயுற்றவர் ஒன்று, நோயைத் தீர்ப்பவர் ஒன்று, மருந்து ஒன்று, அருகிலிருந்து அம்மருந்தைத் தந்து பேணுபவர் ஒன்று என்பதே அந்தக் கணக்கு. இதற்கு உரை எழுதிய பரிமேலழகர், அருகிலிருந்து பேணுபவருக்கு வேண்டிய குணங்களாக அன்புடைமையோடு அறிவுடைமையையும் சேர்த்தே எண்ணுகிறார். மருத்துவருக்கு ஒரு பங்கு என்றால் செவிலியருக்கும் ஒரு பங்கு. அந்த நான்காம் பங்கை நம் காலத்தில் நாம் சரியாக மதிக்கிறோமா என்று கேட்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எங்களை இப்படிக் கேட்க வைத்தது ஒரு நிகழ்ச்சி. சென்ற ஐப்பசி மழையில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் சித்தப்பா, வயல் வேலை முடித்து வந்து திண்ணையில் பாய் விரித்துப் படுத்தார். விடியுமுன் வயிற்றை வலிக்கிறது என்று எழுந்தார். காலில் வீக்கமில்லை, பெரிய காயமுமில்லை. சிறிது நேரத்தில் இமைகள் தாமாகவே மூடத் தொடங்கின, பேச்சுக் குழறியது, எச்சிலை விழுங்க முடியவில்லை. அவரைத் தீண்டியது கட்டுவிரியன்.

முதலில் சேர்த்த மருத்துவமனையில் நஞ்சு முறிவு ஊசி உடனே போட்டார்கள். ஆனால் கட்டுவிரியன் நஞ்சு நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்குவது. தாக்கிய பிறகு ஊசி மட்டும் போதாது; நரம்பு தானே தேறும் வரையில், சில நாட்களுக்கு, மூச்சை இயந்திரம் விட வேண்டும். அந்த மருத்துவமனையில் வென்டிலேட்டர் என்னும் சுவாச இயந்திரம் இருந்தது. அதை இரவெல்லாம் கவனித்துக்கொள்ளப் பயின்றவர்தாம் இல்லை. ஆகவே அவரை வெளியூருக்கு அனுப்பினார்கள். தொண்டையில் குழாய் வைத்து, ஒருவர் ரப்பர் பையைக் கையால் அமுக்கிக்கொண்டே வர, ஆம்புலன்ஸ் விரைந்தது. இறைவன் அருளால் அவர் பிழைத்தார்.

வீடு திரும்பியதும் அவர் சொன்னதுதான் எங்களை உலுக்கியது. “எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை, அவ்வளவுதான். என்னைச் செத்தவனைப் போலப் பார்த்தவர்கள் பலர். ஆனால் அங்கே இருந்த ஒரு நர்ஸ் மட்டும் ஒவ்வொரு முறையும், ‘அண்ணே, இப்போது விடியற்காலை நாலு மணி. குழாயைச் சுத்தம் செய்யப் போகிறேன், கொஞ்சம் இருமல் வரும், பயப்படாதீர்கள்’ என்று சொல்லிவிட்டுச் செய்தது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் கிடந்தேன்” என்றார்.

அந்தச் செவிலியர் அன்புள்ளவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது அன்பு மட்டுமா? கட்டுவிரியன் தீண்டியவருக்கு உடல் மரத்துப் போனாலும் உணர்வு விழித்திருக்கக் கூடும் என்பதை அவர் கற்றிருந்தார். அந்தக் கல்விதான் அவருடைய அன்புக்கு வழி காட்டியது. இயந்திரம் வாங்கினால் போதாது. அதனருகே நிற்பவருக்குச் சிறப்புப் பயிற்சி வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

ரப்பர் பையைக் கையால் அமுக்கி உயிர் காத்த கதை உலக வரலாற்றிலும் உண்டு. 1952-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொடிய வேகத்தில் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களில் பெரும்பாலோர் மாண்டனர். அந்த ஆகஸ்ட் மாதத்தில் பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், இறக்கும் தறுவாயிலிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, பையை அமுக்கி மூச்சு ஊட்டினார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் மருத்துவ மாணவர்கள் சுமார் 1,500 பேர் முறை வைத்து, இரவும் பகலும் படுக்கையருகே அமர்ந்து கையாலேயே மூச்சு ஊட்டினர். சாவு பாதிக்கும் கீழே குறைந்தது. மறு ஆண்டு, 1953-இல், அந்நகரில் இப்சன் தொடங்கிய தனிப் பிரிவே உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று கூறுவர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தீவிர சிகிச்சை என்பது இயந்திரத்தில் பிறக்கவில்லை. நோயாளியை விட்டு ஒரு நொடியும் அகலாத மனிதர்களிடத்தில் பிறந்தது. இன்று அப்படி அகலாது நிற்பவர் யார்? மருத்துவர் வருவார், பார்ப்பார், கட்டளை எழுதுவார், அடுத்த நோயாளியிடம் செல்வார். இருபத்து நான்கு மணி நேரமும் நிற்பவர் செவிலியரே.

அவர் அங்கே என்ன செய்கிறார்? படுக்கையின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைக்கிறார். இல்லையேல் வயிற்றில் உள்ளது நுரையீரலுக்கு ஏறிக் கபசுரம் வரும். இரண்டு மணிக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிறார். இல்லையேல் முதுகில் புண் விழும். மணிக்கு மணி சிறுநீரை அளக்கிறார். அது குறைந்தால் சிறுநீரகத்துக்கு இரத்தம் போதவில்லை என்று பொருள். கண் திறத்தல், பேசுதல், அசைதல் ஆகிய மூன்றையும் கண்டு, 1974-இல் வகுக்கப்பட்ட கிளாஸ்கோ அளவுகோலில் மதிப்பெண் இடுகிறார். 15 என்றால் முழு நினைவு. 3 என்றால் ஆழ்ந்த மயக்கம். காலையில் 14 இருந்தது மாலையில் 11 ஆனால், அந்த மூன்று மதிப்பெண்ணுக்காக மருத்துவரை ஓடி அழைக்க வேண்டும். பரீட்சையில் மூன்று மதிப்பெண் போனால் நாம் அழுகிறோம். அங்கே மூன்று மதிப்பெண் போனால் ஒரு குடும்பம் அழ நேரிடும்.

நமது காவிரிப் படுகையில் இந்தத் திறமைக்கு வேலை மிகுதி. நெல் விளையும் இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் பாம்பு உண்டு. பயிருக்கு மருந்து தெளிக்கும்போது அந்த நஞ்சு தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் ஏறுவதுண்டு. அப்படிப்பட்டவருக்கு அட்ரோபின் என்னும் மருந்தைக் கொடுத்துக்கொண்டே நாடித் துடிப்பையும், கண்மணியையும், நெஞ்சில் கட்டும் சளியையும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. பயிலாத கைகள் இதைச் செய்ய இயலுமா?

மயிலாடுதுறை 2020-இல் தமிழ்நாட்டின் 38-ஆவது மாவட்டமாயிற்று. நாம் மகிழ்ந்தோம். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் நாகப்பட்டினம் இருந்தது. நம் ஊர் இல்லை. தஞ்சை சுமார் 70 கிலோ மீட்டர் தொலைவு. மூச்சு நிற்கப் போகிறவருக்கு அது நெடுந்தூரம். ஆகவே நம்மூரில் கட்டடமும் கருவியும் வர வேண்டும் என்று பெரியோர் கேட்பது நியாயமே. அவற்றோடு பயின்ற செவிலியரையும் கேட்க வேண்டும் என்கிறோம் நாங்கள். 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா நோய் வந்தபோது நாங்கள் தொடக்கப் பள்ளிச் சிறுமியர். சுவாச இயந்திரத்தைச் சில வாரங்களில் வாங்கி விடலாம், அதை அறிந்த செவிலியரைச் சில வாரங்களில் உருவாக்க முடியாது என்ற பாடத்தை அன்று நாடே கற்றது.

அப்பயிற்சி நம் நாட்டில் இல்லாமலும் இல்லை. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய மருத்துவமனையில் 1909-லேயே செவிலியர் பள்ளி உண்டாயிற்று. 1946-இல் அங்கே செவிலியர் பட்டப் படிப்பும் வந்தது. செவிலியப் பயிற்சி முடித்தவர் ஓராண்டு தீவிர சிகிச்சைச் செவிலியப் பட்டயம் பெறலாம். அதற்கும் மேலாக, இந்திய நர்சிங் கவுன்சில் 2016-ஆம் ஆண்டையொட்டி இரண்டாண்டு முதுநிலைப் பயிற்சி ஒன்றை வகுத்தது. பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு ஆண்டுகள், மருத்துவமனை அனுபவம் குறைந்தது ஓராண்டு, பின் இப்பயிற்சி இரண்டாண்டு; ஆக ஏழு ஆண்டுகள். இதன் பெரும்பகுதி வகுப்பறையில் அல்ல, நோயாளியின் படுக்கையருகிலேயே நடக்கிறது.

“நர்ஸ் வேலைக்கு ஏழு வருடப் படிப்பா? இரக்க குணம் இருந்தால் போதாதா?” என்று சிலர் கேட்கலாம். இதற்கு நம் திருச்சபையின் வரலாறே விடை தருகிறது. முற்காலத்தில் கன்னியர் மருத்துவத் தொழில் செய்யவும், பிரசவம் பார்க்கவும் திருச்சபைச் சட்டத்தில் தடை இருந்தது. ஆஸ்திரேலியாவில் மருத்துவம் பயின்று கன்னியரான சகோதரி மேரி குளோரி, 1920-இல் திருத்தந்தையின் தனி அனுமதி பெற்றே ஆந்திர நாட்டின் குண்டூரில் மருத்துவப் பணியாற்றினார். 1936-இல் அத்தடை நீங்கியது. முறையாகக் கற்றுப் பட்டம் பெற்றுப் பணி செய்யுங்கள் என்று கன்னியருக்கே திருச்சபை வழி திறந்தது. இரக்கமே போதுமானால் இதற்குத் தேவை என்ன?

நல்ல சமாரியர் உவமையையும் எண்ணிப் பாருங்கள். அவர் அடிபட்டவரைப் பார்த்துக் கண்ணீர் விட்டதோடு நிற்கவில்லை. காயத்துக்கு எண்ணெயும் திராட்சை மதுவும் வார்க்க அறிந்திருந்தார், கட்டவும் அறிந்திருந்தார். மறுநாள் சத்திரக்காரரிடம் பணம் தந்து, பார்த்துக்கொள்ளும்படி ஒப்படைத்தார். அந்தச் சத்திரக்காரரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் அடுத்து வந்த இரவுகளில் விழித்திருந்தவர் அவராகத்தானே இருக்க வேண்டும்?

இன்னொரு தடை சொல்வோர், “பயிற்சி பெற்றவர்கள் வெளிநாட்டுக்குப் போய்விடுவார்கள்” என்கிறார்கள். உண்மைதான், பலர் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லுமுன் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். மேற்பயிற்சி பெற்ற ஒருவருக்கு அதற்கேற்ற பதவியும் ஊதியமும் இல்லாமல், தீவிர சிகிச்சை கற்றவரை நாளைக்கு வேறு வார்டுக்கு மாற்றினால், அவர் கற்றது என்னாவது? நெல்லை விதைத்துவிட்டுத் தண்ணீர் விடாமல் இருந்தால் அது யார் குற்றம்?

ஆகையால் நாங்கள் வேண்டுவன மூன்று. பணியில் உள்ள செவிலியரைச் சம்பளத்தோடு இப்பயிற்சிக்கு அனுப்புங்கள். பயின்று வந்தவருக்கு அதற்குரிய பதவியைத் தந்து, தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே பணி கொடுங்கள். சுவாச இயந்திரத்தில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற முறையைக் கைவிடாதீர்கள்.

பெற்றோருக்கும் எங்கள் விண்ணப்பம் ஒன்றுண்டு. வரும் ஜூன் மாதம் நாங்கள் பதினோராம் வகுப்பில் பாடப் பிரிவைத் தேர்ந்தெடுப்போம். “டாக்டருக்குப் படி, கிடைக்காவிட்டால் நர்ஸுக்குப் போகலாம்” என்று பல வீடுகளில் பேச்சு நடக்கிறது. மதிப்பெண் குறைந்தவளுக்கு ஒதுக்கும் வேலையாகச் செவிலியத்தை எண்ணாதீர்கள். இராப் பணி என்று அஞ்சுகிறீர்கள். உங்களுக்கு நோய் வரும் இரவில் விழித்திருக்க யாருடைய மகளையாவது எதிர்பார்ப்பீர்கள் அல்லவா? மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை அவர்கள் நூறாண்டுகளுக்கும் முன்பே பெண் கல்விக்காக எழுதிய ஊர் இது. இவ்வூரில் பிறந்த பெண், கற்ற கல்வியை ஓர் உயிரின் அருகே நின்று பயன்படுத்துவது தாழ்வாகுமா?

எங்கள் வகுப்பில் மருத்துவராக விரும்புவோர் பலர். அவர்கள் வெல்ல வாழ்த்துகிறோம். செவிலியராக விரும்புவதாக இதுவரை வாய் திறந்து சொன்னவர் இருவரே. அவர்களுள் ஒருத்தி, சித்தப்பாவை மருத்துவமனையில் பார்த்து வந்த அந்தத் தோழி. “அந்த அக்காவைப் போல் எனக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்” என்கிறாள் அவள். அவளுடைய விருப்பத்தை அவள் வீட்டார் இன்னும் ஏற்கவில்லை. அவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்றே நம்புகிறோம்.

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவியர் சார்பில் ஒரு மாணவி