ஏட்டைத் திருத்திய அம்மையார்

விடைத்தாள் திருத்துவது நம் தொழில். பிறர் பிழையைச் சிவப்பு மையாற் சுழித்துப் பழகிய கை, தன் எழுத்தைத் தானே சுழிக்க நேரும்போது சற்றே நடுங்குகின்றது. அவ்வாறு நடுங்காத ஓர் அம்மையாரைப் பற்றி அண்மையிற் படித்தோம். அச்செய்தியையே இவ்வாரம் நேயர்கள்முன் வைக்க விழைகின்றோம்.

இங்கிலாந்திலுள்ள கன்ரபெரிப் பேராலயம் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களாற் பெயர்பெற்றது. இயேசுநாதரின் முன்னோர் என்று ஆதாம் முதலாக 86 உருவங்கள் அதன் மேல்நிலைச் சாளரங்களில் ஒருகாலத்தில் விளங்கின. இன்று எஞ்சியிருப்பவை 43. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றுட் பலவற்றைக் கழற்றி, தெற்குப் பெருஞ்சாளரத்திலும் மேற்குச் சாளரத்திலும் பொருத்திவிட்டனர். இடம் மாறியதோடு, உடைந்த துண்டுகளுக்குப் பதிலாகப் புதியனவும் நுழைந்தன. இரண்டாம் உலகப்போரிற் பழைய கண்ணாடிகளை முன்னதாகவே இறக்கிக் காத்தமையால் அவை தப்பின. 1942ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அழிந்தது பேராலய நூல்நிலையமே.

இத்தகைய சாளரத்துக்கு அட்டவணை வகுப்பதென்றால் எளிதோ? ஈயப் பட்டிகளால் இணைக்கப்பட்ட ஒவ்வொரு துண்டையும் நோக்க வேண்டும். எது பழையது, எது பின்னர்ச் செருகியது என்று வரைபடத்திற் குறிக்க வேண்டும். ஒவ்வோர் உருவமும் முதலில் எந்தச் சாளரத்தில் இருந்ததென்றும் துணிய வேண்டும். மடலின் கவினெஸ் என்னும் அம்மையார் கன்ரபெரியில் இப்பணியைச் செய்தார். 1977இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரிலேயே 1175 முதல் 1220 வரை என்னும் காலவரை பொறிக்கப்பட்டிருந்தது. பேராலயத்துச் சாளரங்கள் அனைத்தையும் விவரிக்கும் பெருந்தொகுதி 1981இல் வந்தது.

1175 என்று தொடங்கியதற்குக் காரணம் உண்டு. 1174ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திற் பெருந்தீ மூண்டு ஆலயத்தின் பாடகர் மண்டபத்தை எரித்தது. அதைக் கண்ட ஜேர்வாஸ் என்னும் துறவி எழுதிவைத்த குறிப்பு இன்றும் உளது. மண்டபம் எரிந்ததெனின் கண்ணாடியும் அழிந்திருக்கும், இப்போதுள்ளவை புதுக் கட்டடத்துக்கென ஆக்கியவை என்பதே பொதுவான கருத்து. நாமாயினும் அவ்வாறே எழுதியிருப்போம்.

ஆனால் அம்மையாரின் கண்ணை ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. முன்னோருட் சிலருடைய உருவம் தீட்டப்பட்ட முறை ஏனையோரினும் பழையதாகத் தோன்றியது. 1987இல், அவை தீக்கு முற்பட்டனவாகலாம் என அவரே எழுதினார். சான்று பாணி ஒன்றே. பாணியை நம்பிக் காலம் கணிப்பதன் இடர் பழந்தமிழ் நூல்களுக்குக் காலம் கூற முயல்வோர் நன்கறிந்ததே.

முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்தன. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர், பேராலயத்தின் கண்ணாடித் திருத்துநருடன் சேர்ந்து, கையிலடங்கும் எக்ஸ்-கதிர்க் கருவி ஒன்றால் கண்ணாடியில் அடங்கிய மூலகங்களை ஆராய்ந்தனர். மணலையும் மரச்சாம்பலையும் உருக்கி ஆக்கிய அக்காலக் கண்ணாடியில், வெவ்வேறு காலத்துச் சரக்கின் சேர்மானம் வேறுபடும். துருத்திநிற்கும் ஈயப் பட்டி கருவியைக் கண்ணாடியோடு ஒட்டவிடாது. அதற்கெனத் தனியாக ஒரு மூக்கும் செய்து மாட்டினர்! துண்டொன்றையும் உடைக்கவில்லை.

2021இல் முடிபு வெளிவந்தது. நாத்தான் முதலிய நான்கு உருவங்கள் 1130க்கும் 1160க்கும் இடைப்பட்ட காலத்தன எனக் கணித்தனர். அவ்வாறாயின், 1170 டிசெம்பரில் தோமஸ் பெக்கெற் அவ்வாலயத்துள் வெட்டுண்டபோதும், 1174 யூலையில் இரண்டாம் ஹென்றி மன்னன் கழுவாய் தேடி வந்தபோதும் நாத்தான் அங்கேயே அமர்ந்திருந்தான் எனலாம்.

எண்பது கடந்த அம்மையார் இச்செய்தியைத் தம் செவியாற் கேட்டு மகிழ்ந்தார். நமக்கோ மேசைமேல் ஒரு கட்டு விடைத்தாள் காத்திருக்கின்றது. சென்ற தவணை நாம் தவறெனச் சுழித்த ஒரு விடையை, அம்மாணவனை அழைத்து மீண்டும் பார்க்க வேண்டியும் உளது.