பழக்கம் ஒரு குற்றமா?

"எதை மாற்றினாலும் ஜனங்களுக்குப் பிடிக்காது, மாமா. பத்து நாள் கத்துவார்கள். பதினோராவது நாள் பழகிப்போய்விடும். அந்தக் கூச்சலையெல்லாம் காதில் போட்டுக்கொண்டால் எங்கள் தொழிலில் ஒரு காரியமும் நடக்காது!"

இப்படிச் சொன்னவன் என் தமக்கையின் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். கெட்டிக்காரன். அவனுடைய தொழிலைப் பற்றி அவனோடு வாதாடும் தகுதி, கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கதை எழுத வந்த எனக்குக் கிடையாது. ஆனாலும் 'கூச்சல்' என்று அவன் சொன்ன சொல் மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. அந்த முள்ளை எடுப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பேச்சு ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் பாதுகாப்புத் துறையில் வேலை செய்யும் ஒருவனைக் கதாநாயகனாக வைத்துத் தொடர்கதை எழுத எண்ணினேன். தெரியாத தொழிலைப் பற்றி எழுதுவதற்கு முன் அந்தத் தொழிலில் நடந்த சண்டை ஒன்றைப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். மனிதர்களுடைய உண்மையான குணம் சண்டையில்தானே தெரிகிறது? அப்படித் தேடியபோது அகப்பட்டது 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நடந்த 'நோஸ்கிரிப்ட்' சண்டை.

நோஸ்கிரிப்ட் என்பது என்ன? நாம் இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கிறோம். படிப்பதற்கு எழுத்தும் பார்ப்பதற்குப் படமும் வருகின்றன என்று நினைக்கிறோம். அவற்றோடு கூட, நம் கம்ப்யூட்டரிலேயே ஓடக்கூடிய கட்டளைத் தொகுப்புகளும் வந்து இறங்குகின்றன. 1995ஆம் ஆண்டில் பிரெண்டன் ஐக் என்பவர் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காகப் பத்தே நாளில் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்டவை அவை. பெரும்பாலானவை சாதுக்கள். சில, நாம் எங்கே போகிறோம் என்று பின்னாலேயே வந்து வேவு பார்ப்பவை. இன்னும் சில, சந்தர்ப்பம் கிடைத்தால் திருடுபவை. இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் ஒருவரை விருந்துக்கு அழைத்தால் அவர் தம்மோடு பத்துப் பேரை அழைத்து வந்துவிடுகிறார். ஒரு பத்திரிகையின் பக்கத்தைத் திறந்தால் விளம்பரக்காரன், கணக்கெடுப்பவன் என்று ஒரு கூட்டமே உள்ளே நுழைகிறது.

இந்தக் கூட்டத்தை வாசலிலேயே நிறுத்தி, "இவரை விடலாமா, கூடாதா?" என்று வீட்டுக்காரரைக் கேட்கும் காவல்காரன்தான் நோஸ்கிரிப்ட். ஃபயர்பாக்ஸ் உலாவியோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சிறு நீட்சி. இத்தாலியைச் சேர்ந்த ஜார்ஜியோ மாவோனே என்பவர் 2005ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார். விலை கிடையாது. விரும்பியவர்கள் நன்கொடை தரலாம்.

பன்னிரண்டு ஆண்டுகள் இந்தக் காவல்காரன் ஒரே பாஷையில் பேசினான். அவனைத் தொட்டால் ஒரு பட்டியல் விரியும். 'இந்தத் தளத்தை அனுமதி', 'தற்காலிகமாக அனுமதி', 'தடை செய்' என்று வார்த்தைகளில் இருக்கும். படிக்கத் தெரிந்தவர்கள் படித்துத் தீர்மானிக்கலாம். நாளடைவில் படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போயிற்று. கை தானாகவே சரியான இடத்துக்குப் போயிற்று.

2017 நவம்பர் 14ஆம் தேதி ஃபயர்பாக்ஸின் 57ஆம் பதிப்பு 'குவாண்டம்' என்ற பெயரோடு வெளிவந்தது. பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகள் எல்லாம் அதில் வேலை செய்யாமல் நின்றுபோயின. நோஸ்கிரிப்டும் நின்றது. சில நாட்கள் கழித்துப் புதிய முறையில் எழுதிய 10ஆம் பதிப்பு வந்தது. காவல்காரன் திரும்பி வந்துவிட்டான் என்று ஆவலோடு கதவைத் திறந்தவர்களுக்கு அதிர்ச்சி காத்திருந்தது. வந்தவன் வேறு முகம், வேறு பாஷை!

வார்த்தைப் பட்டியலைக் காணவில்லை. ஒவ்வொரு தளத்தின் பெயருக்கும் பக்கத்தில் வரிசையாகச் சின்னஞ்சிறு படங்கள். ஒன்று நம்பிக்கைக்கு, ஒன்று அவநம்பிக்கைக்கு, கடிகாரம் போட்டது தற்காலிகத்துக்கு. போதாக்குறைக்கு ஒரு குட்டிப் பூட்டு வேறு, பச்சையாகவோ சிவப்பாகவோ. பூட்டைப் பார்த்தவுடன் 'இது அனுமதியா, தடையா?' என்றுதான் யாருக்கும் தோன்றும். அதற்கு அர்த்தம் இரண்டும் இல்லை. மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் வந்தால் மட்டும் அந்தத் தளத்தை நம்புவதா என்பதைக் காட்டும் பூட்டு அது! மேலும், பழைய பதிப்பில் இருந்த சில காவல் ஏற்பாடுகள் முதல் வருகையில் வரவும் இல்லை.

ஜனங்கள் பொங்கினார்கள். அவர்கள் எழுதியவற்றை இரவு இரவாக உட்கார்ந்து படித்தேன். 'எதை அழுத்தினால் என்ன ஆகும் என்றே தெரியவில்லை' என்றவர்கள் பலர். 'ஒரு தட்டில் முடிந்த காரியத்துக்கு இப்போது நாலு தட்டு' என்றவர்கள் பலர். ஐந்து நட்சத்திரம் கொடுத்து வந்தவர்கள் ஒற்றை நட்சத்திரத்தை விட்டெறிந்தார்கள். பழைய காவல்காரனை விட மனமில்லாமல் ஃபயர்பாக்ஸின் பழைய நீண்டகாலப் பதிப்பிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அடியோடு கழற்றி எறிந்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

இதைத்தான் என் மருமான் 'கூச்சல்' என்றான்.

அவனுக்கு என் அம்மாவின் பூட்டுக் கதை தெரியாது. திருச்சியில் அம்மா தனியாக இருக்கிறாள். அந்த வீட்டு வாசற்கதவில் நாற்பது வருஷமாகத் தொங்கியது ஒரு திண்டுக்கல் பூட்டு. "காலம் கெட்டுக் கிடக்கிறது" என்று சொல்லி, நான் அதை எடுத்துவிட்டுக் கதவுக்குள்ளேயே பொருத்தும் புதுப் பூட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். மிகவும் உயர்ந்த ரகம். கதவைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியை எதிர்ப்புறமாக இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துப் போனேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். கதவு வெறுமே சாத்தியிருந்தது! தள்ளினேன், திறந்துகொண்டது. திரும்பி வந்தவளைக் கேட்டேன். "அது எனக்குப் படியவில்லையடா. உள்ளே மாட்டிக்கொண்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ராத்திரியில் நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்" என்றாள்.

பூட்டுக் கடைக்காரரைக் கேட்டால் என் பூட்டுதான் பலமானது என்பார். வாஸ்தவம். ஆனால் அந்த ஒரு மாதம் முழுவதும் என் தாயார் குடியிருந்தது பூட்டில்லாத வீட்டில். பலமான பூட்டைப் போட்டு வீட்டைத் திறந்து வைத்தவன் நான்.

சோப்பு டப்பாவின் படத்தை மாற்றுகிறார்கள். பத்திரிகையின் அட்டையை மாற்றுகிறார்கள். அங்கே பழக்கம் என்பது வெறும் சௌகரியம். மருமான் சொன்னபடி பதினோராவது நாள் சரியாகிவிடும். ஆனால் காவல் சம்பந்தப்பட்ட இடத்தில் பழக்கம் என்பது காவலிலே பாதி. கைக்குப் பழகாத காவலை மனிதன் கழற்றி வைத்துவிடுகிறான். அல்லது சலித்துப்போய் 'எல்லோரையும் உள்ளே விடு' என்று சொல்லிவிடுகிறான். அந்தப் பத்து நாளில் திருடன் லீவு எடுத்துக்கொள்வதில்லை.

இது நாவலாசிரியனின் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். ரகசியச் சங்கேதக் கலையில் பெரியவரான ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் 1883ஆம் ஆண்டிலேயே ராணுவத்துக்கான சங்கேத முறைகளுக்கு ஆறு விதிகள் வகுத்தார். அவற்றில் கடைசி விதி, முறை சுலபமாக இருக்க வேண்டும், உபயோகிப்பவனின் மூளையைக் கசக்கக் கூடாது என்பது. பட்டாளத்துக்கே அப்படியென்றால் குடும்பஸ்தனுக்கு எப்படி? 1999ஆம் ஆண்டில் ஆல்மா விட்டன், டைகர் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். கடிதங்களை ரகசியமாக்கும் பி.ஜி.பி. என்ற மென்பொருளைப் பன்னிரண்டு பேரிடம் கொடுத்து, ஒன்றரை மணி நேர அவகாசமும் தந்தார்கள். அவர்களில் மூன்று பேர், காப்பாற்ற வேண்டிய ரகசியத்தை அப்பட்டமாக அப்படியே அனுப்பிவிட்டார்கள்! பூட்டு உடைந்துவிடவில்லை, பூட்டினோமா இல்லையா என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

2017 நவம்பரில் வாசலில் யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பரில்தான், காயின்ஹைவ் என்ற ஏற்பாடு தொடங்கியது. பக்கத்தைப் படிக்க வந்தவனின் கம்ப்யூட்டரையே மாடாகக் கட்டி, மொனேரோ என்ற மின்காசுக்குச் செக்கு ஆட்ட வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் அது. பல தளங்களில், பார்ப்பவனுக்குத் தெரியாமலே, அது ஒளிந்திருந்தது. அதையெல்லாம் நிறுத்தி வைக்கும் காவல்காரன் அந்த வேளையில் ஊமையானால் கோபம் வராதா? மேலும், தம் அடையாளத்தை மறைத்துக்கொள்ள வேண்டிய பத்திரிகைக்காரர்களும், அரசாங்கத்தின் கண்ணுக்கு அஞ்சுகிறவர்களும் உபயோகிக்கும் டார் உலாவிக்குள்ளேயும் இருப்பது இதே நோஸ்கிரிப்ட்தான். அங்கே தவறான படத்தை அழுத்தினால் போவது சில்லறைக் காசு அல்ல.

ஆகவே கோபம் நியாயம்தான். ஆனால் என் கட்சிக்காரர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. கல் எறிந்தார்களே, அது யார் தலையில் விழுந்தது?

முகத்தை மாற்ற வேண்டும் என்று மாவோனே ஒரு நாள் காலையில் எழுந்து தீர்மானித்துவிடவில்லை. வீட்டையே இடித்துக் கட்டியவர்கள் மொஸில்லாக்காரர்கள். அவர்களுக்கும் காரணம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். பழைய முறையில் நீட்சிகள் உலாவியின் எந்த மூலையிலும் கை வைக்கலாம். நல்லவன் கையில் அது வசதி. கெட்டவன் கையில் ஆபத்து. உலாவியைத் திருத்தும்போதெல்லாம் நீட்சிகள் ஒடிந்தன. உலாவியைப் பல பகுதிகளாகப் பிரித்து வேகமாக ஓட வைக்கவும் பழைய முறை தடையாக இருந்தது. பழைய முறை போகப்போகிறது என்று 2015 ஆகஸ்டிலேயே அறிவித்தும் இருந்தார்கள்.

எல்லாம் சரி. ஆனால் குடியிருப்பவர்களின் காவல்காரன் நிற்பதற்குப் புது வீட்டில் இடம் தயாரா என்று பார்த்துவிட்டல்லவா பழைய வீட்டை இடிக்க வேண்டும்? நாள் குறித்தாயிற்று என்பதற்காக இடித்தார்கள். பல ஆண்டு உழைப்பை அடியோடு திருப்பி எழுதும் சுமை ஒரு மனிதர் தலையில் விழுந்தது. அவசரத்தில் எழுதியது அவசரமாகத்தான் இருக்கும். வசவு முழுவதும் அவருக்கு; 'உலாவி பிரமாதமாக ஓடுகிறது' என்ற பாராட்டு வீட்டுக்காரருக்கு!

வீட்டுக்காரர் கையில் எத்தனை இருக்கிறது என்பது 2019 மே மாதத் தொடக்கத்தில் தெரிந்தது. நீட்சிகளுக்கு முத்திரையிடும் சான்றிதழ் ஒன்றின் கெடு முடிந்துபோனதை மொஸில்லா கவனிக்கவில்லை. உலகம் முழுவதும் ஏராளமான ஃபயர்பாக்ஸ்களில் நீட்சிகள் திடீரென்று செயலற்றுப் போயின. டார் உலாவியிலும் நோஸ்கிரிப்ட் படுத்துவிட்டது. அன்று மாவோனே ஓர் எழுத்தைக்கூட மாற்றியிருக்கவில்லை.

இதில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. ஒரு தொடர்கதையில் நான் எழுதிய அத்தியாயம் ஒன்றை, விளம்பரம் அதிகமாக வந்துவிட்டது என்று பத்திரிகையில் பாதியாக வெட்டினார்கள். அந்த வாரம் வந்த கடிதங்கள் எல்லாம் என்னைத்தான் வைதன. 'ஆசிரியருக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது' என்றார் ஒருவர். அந்த ஒரு வரி இன்றும் எனக்கு மனப்பாடம். அதே வாரத்தில் வந்த இன்னொரு கடிதமும் நினைவிருக்கிறது. 'மூன்றாவது பத்திக்கும் நாலாவது பத்திக்கும் நடுவே ஏதோ விட்டுப்போயிருக்கிறது போல் தெரிகிறதே, கவனிக்கவும்' என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியை எழுதியிருந்தார். முதல் கடிதத்தால் இரண்டு நாள் தூக்கம் போயிற்று. இரண்டாவது கடிதத்தால் அத்தியாயம் திருந்திற்று.

நோஸ்கிரிப்டிலும் அதுதான் நடந்தது. 'இந்தப் படம் புரியவில்லை, இந்த வசதி காணவில்லை' என்று இடத்தைச் சுட்டிக் காட்டியவர்களும் இருந்தார்கள். அடுத்த சில வாரங்களில் பதிப்பின் மேல் பதிப்பாக வந்து பல குறைகள் தீர்ந்தன. வெறும் ஒற்றை நட்சத்திரத்தைப் படித்து எந்த மனிதனால் எதைத் திருத்த முடியும்?

காவலை மாற்றுகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. படத்தின் பக்கத்தில் நாலு வார்த்தை எழுதுங்கள். புதுச் சாவி கைக்குப் பழகும்வரை பழைய சாவியும் திறக்கட்டும். அதற்குள் எழும் குரலுக்குக் கூச்சல் என்று பெயர் வைக்காதீர்கள். திட்டுகிறவர்களிடம் கேட்பது, திட்டுவதற்கு முன் இடித்தவர் யார், ஒட்டுப்போடுகிறவர் யார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

அம்மாவின் கதவில் பழைய திண்டுக்கல் பூட்டையே மறுபடி மாட்டிவிட்டேன். போன தீபாவளிக்கு மருமான் பாட்டியைப் பார்க்கப் போனான். பாட்டி பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். சாவித் துவாரத்தை மூடியிருக்கும் பித்தளைத் தகட்டை முதலில் ஒதுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. கால் மணி நேரம் போராடிவிட்டு எனக்குப் போன் செய்தான்.

"என்ன பூட்டு மாமா இது? மனிதன் திறப்பானா இதை?" என்று கத்தினான்.

"பத்து நாள் அங்கேயே நில்லு, அப்பா. பதினோராவது நாள் பழகிவிடும்" என்றேன்.