கடினமான ஸ்பிரிங் போட்டால் போதுமா?

மாணவர்களே, கேமரன் மலையில் காய்கறி ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பாரம் ஏறியதும் பின்பக்கம் தாழும். அதைத் தவிர்க்கப் பின்புற ஸ்பிரிங்கில் இன்னொரு இரும்புப் பட்டையைச் சேர்ப்பவர்கள் உண்டு. அது எப்போதும் நல்லதல்ல என்பதே என் கருத்து.

பாரம் கூடினால் ஸ்பிரிங் அதே விகிதத்தில் வளையும். இது ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி. ஒரு ஸ்பிரிங்மீது 2,000 நியூட்டன் பாரம் கூடுவதாகக் கொள்வோம். ஸ்பிரிங் மாறிலி மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் என்றால் அது 50 மில்லிமீட்டர் தாழும். 50 நியூட்டன் என்றால் 40 மில்லிமீட்டர்தான். இலாபம்தானே?

பாரத்தை இறக்கிய பிறகு பாருங்கள். கடினமான ஸ்பிரிங் மேடுபள்ளத்தில் எளிதில் வளையாது, சக்கரம் துள்ளும். தரையைத் தொடாத டயருக்கு உராய்வு ஏது? சேற்றில் பிடிப்பு ஏது? துள்ளலை அடக்கும் அப்சோர்பரும் புதிய ஸ்பிரிங்குக்குப் பொருந்த வேண்டும்.

இன்னொன்று: அச்சும் பிரேக்கும் பழையவைதாம். பின்பக்கம் தாழவில்லை என்பதற்காக வரம்பு மீறி ஏற்றுவது உயிருக்கே ஆபத்து.

வீட்டில் பிக்கப் இருக்கிறதா? வழக்கமாக ஏற்றும் எடையை முதலில் கணக்கிடச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.