டிக்கெட் இல்லாத கச்சேரி... மேடை ஏறிய சாவு மேளம்!

சென்னை:

மார்கழி வந்தாலே சென்னை சபாக்களில் கச்சேரி களைகட்டும். அதே மார்கழியில், 2018 ஜனவரி 6-ந்தேதி கீழ்ப்பாக்கத்தில் நடந்த கச்சேரி வேற ரகம். டிக்கெட் கிடையாது, யார் வேணும்னாலும் வரலாம். டைரக்டர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்நின்று உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவுக்கு அதுதான் முதல் மேடை. குழுவின் பெயரே, அயோத்திதாச பண்டிதர் பேசிய சாதி பேதமற்ற தமிழர் என்ற கருத்தில் இருந்து வந்தது.

கானா, பறை, ராப் எல்லாம் ஒண்ணா ஒலித்தது. பாட்டில் சாதிக்கொடுமையும் இடஒதுக்கீடும் பேசப்பட்டது. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது.

ஏன் இலவசம்? டிக்கெட் போட்டிருந்தால், பாட்டு யாரைப் பத்தியதோ அந்த கூலிக்காரர் வெளியேதான் நின்றிருப்பார். கானாவும் பறையும் சாவு வீட்டோடு ஒதுக்கப்பட்டவை. அதே கலைஞர் மேடையில் நின்று வாசிக்கும்போது மரியாதையே மாறுது.

ஆனால் கைதட்டல் மட்டும் போதுமா? அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1989-ல் வன்கொடுமை தடுப்பு சட்டமும் வந்தது. அப்படியும் 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர் தொட்டியில் மலம் கலந்த கொடுமை வெளியே வந்தது.

சட்டம் காகிதத்தில் தூங்கினால், அதை ஊரறிய தட்டி எழுப்ப பாட்டு வேணும். பாட்டு கேட்டவர் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினால், புகாரை வாங்க ஆள் வேணும். மேடையில் பறை அடிக்கிற பெருமையும், ஊரில் 'சாவுக்கு அடிக்க மாட்டேன்' என்று சொல்கிற உரிமையும் சேர்ந்து கிடைத்தால்தான் விழாவுக்கு அர்த்தம்.