எலி பிழைத்த கதை

என் தொடர்கதையின் கடைசி அத்தியாயம் வெளிவந்த வாரத்தில் ஒரு வாசகி கோபமாகக் கடிதம் எழுதியிருந்தார். கதாநாயகியைப் புற்றுநோயில் சாகவிட்டது அநியாயம் என்பது அவர் கட்சி. "மருந்துதான் கண்டுபிடித்துவிட்டார்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டு, சாட்சிக்கு ஒரு பத்திரிகைத் துண்டையும் கத்தரித்து வைத்திருந்தார். 'புற்றுக் கட்டியைக் கரைக்கும் அதிசய மருந்து' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. படித்துக்கொண்டே போனேன். பதினோராவது வரியில்தான் சங்கதி வெளியாயிற்று: கட்டி கரைந்தது சுண்டெலிகளுக்கு!

கதாசிரியனைத் திட்டும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. சிரித்துவிட்டு எடுத்து வைத்திருப்பேன். ஆனால் அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. அவருடைய அக்காவுக்கும் அதே வியாதியாம். அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா?

அந்த வரிக்கு யார் பொறுப்பு? தலைப்புப் போட்டவர்தான் பொறுப்பு என்கிறேன் நான்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் ஜூடா ஃபோக்மன் என்று ஒரு சர்ஜன் இருந்தார். கட்டிக்குப் புது ரத்தக் குழாய்கள் முளைக்காமல் தடுத்துவிட்டால் அது பட்டினி கிடந்து சுருங்கும் என்பது அவர் சித்தாந்தம். எண்டோஸ்டாடின் என்ற பொருளைக் கொடுத்ததில் சுண்டெலிகளின் கட்டிகள் சுருங்கின. 1997 நவம்பரில் இது விஞ்ஞானப் பத்திரிகையில் வந்தது. 'நியூயார்க் டைம்ஸ்' உள்பக்கத்திலும் வந்தது. ஒருவரும் பதறவில்லை. 1998 மே 3, ஞாயிற்றுக்கிழமை, அதே விஷயத்தை அதே பத்திரிகை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. சுண்டெலி என்ற சொல் தலைப்பிலேயே இருந்தது. இருந்து என்ன பயன்? அந்த மருந்தை வைத்திருந்த கம்பெனியின் பங்கு வெள்ளிக்கிழமை 12 டாலர். திங்களன்று காலை 85 டாலரில் தொடங்கி, மாலையில் 52இல் நின்றது. நோயாளிகளின் வீட்டார் டாக்டர்களை மொய்த்துக்கொண்டார்கள்.

பிறகு? 1999இல் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய கெடுதல் இல்லை. பெரிய நன்மையும் இல்லை. 2003இல் கம்பெனி கைவிட்டது. அந்தச் சோதனைகளில் ஒன்றின் முடிவு 2006இல் அச்சாயிற்று. கட்டியை அளந்து பார்க்க முடிந்த 40 பேரில், சுருங்கியது என்று கணக்கில் எழுதும்படி ஒருவருக்கும் சுருங்கவில்லை. சற்றே மாற்றிய வடிவத்துக்குச் சீனா 2005இல் அனுமதி கொடுத்தது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஃபோக்மனின் அடிப்படை எண்ணமும் பொய்யாகவில்லை. அந்த வழியில் வந்த வேறொரு மருந்து, முற்றிய பெருங்குடல் புற்றில், வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, சுமார் 16 மாத ஆயுளைச் சுமார் 20 மாதமாக நீட்டியது. அதிசயம் என்று முழங்கியதற்குக் கிடைத்தது நான்கைந்து மாதம்.

எலியைக் குறை சொல்ல நான் வரவில்லை. பாவம், தன் வேலையைச் செய்துவிட்டுச் செத்துப் போகிறது. ஆனால் சோதனைச் சாலையில் அதற்குப் புற்று எப்படி வருகிறது என்பதை யாராவது நமக்குச் சொன்னார்களா? ஒரே வம்சத்தில் பெருக்கிய, ஒத்த வயதுள்ள, வேறு வியாதி இல்லாத எலிகள். பெரும்பாலும் தோலுக்கடியில் புற்றுச் செல்களை ஊசியால் ஏற்றுகிறார்கள். சில வாரங்களில் கட்டி திரண்டுவிடும். வெளியிலிருந்தே அளந்துவிடலாம். மனிதனின் புற்றை ஏற்ற வேண்டுமென்றால், அந்நியப் பொருளை எதிர்க்கத் திராணியில்லாத எலிகளாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறார்கள். அறுபது வயது அம்மாளுக்கு அப்படியா வருகிறது? வருஷக்கணக்கில் ஒளிந்து வளர்ந்து, ஈரலுக்கும் எலும்புக்கும் பரவி, ஒரே கட்டிக்குள் பலவிதச் செல்களாகப் பிரிந்து, கூடவே சர்க்கரை வியாதியும் இருக்க, அல்லவா வருகிறது!

கண்ணாடித் தட்டில் வளர்க்கும் செல்களின் கதை இன்னும் வேடிக்கை. எம்.டி.ஏ.-எம்.பி.-435 என்று ஒரு செல் இனம். மார்பகப் புற்று என்று எண்ணிப் பல ஆண்டுகள் அதில் ஆராய்ச்சி செய்தார்கள். 2000ஆம் ஆண்டில் மரபணுக்களைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. துருவிப் பார்த்தால் அது மெலனோமா என்கிற தோல் புற்று! என் கதையில் நான் பாத்திரத்தின் பெயரை மாற்றி எழுதினால் வாசகர்கள் மறுநாளே கார்டு போடுகிறார்கள்.

எலி எப்போதும் பொய்தான் சொல்லும் என்றும் வாதாட மாட்டேன். 1960களில் பார்னெட் ரோசன்பர்க் கண்டறிந்த சிஸ்பிளாட்டினும் முதலில் எலியின் கட்டியைத்தான் கரைத்தது. 1978இல் அமெரிக்காவில் மருந்தாக வந்தது. விதைப் புற்று வந்த வாலிபர்களில் பெரும்பாலோர் இன்று குணமடைகிறார்கள். அந்த எலிக்கும் எண்டோஸ்டாடின் எலிக்கும் பார்வைக்கு என்ன வித்தியாசம்? எது மெய் சொன்னது என்பது மனிதர்களிடம் பார்த்த பிறகல்லவா தெரிந்தது!

பத்திரிகாசிரியர்களே, செய்தியைப் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. விஞ்ஞானப் பக்கத்தில் போடுங்கள். இந்த மருந்தை இதுவரை எத்தனை மனிதர்கள் சாப்பிட்டார்கள் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். ஒருவருமில்லை என்றால் ஒருவருமில்லை என்று எழுதுங்கள். விற்பனை குறையும் என்கிறீர்களா? குறையட்டுமே.

வாசகிக்குப் பதில் எழுத எனக்கு மூன்று நாளாயிற்று. அந்த மருந்து எந்தக் கடையிலும் இல்லை என்று எழுதினேன். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்துகளில் எது அக்காவுக்குப் பொருந்தும் என்று அவரைப் பார்க்கும் டாக்டரிடமே கேட்கச் சொன்னேன். கதாநாயகியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.