ஆய்வுக்கு ஏது மார்ச் 31?

பொதுமக்கள் பணத்தைப் பெற்று மருத்துவ ஆராய்ச்சி நடத்துகிற எந்த ஸ்தாபனமும் அதன் ஒவ்வொரு காசுக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டது என்பதில் இரண்டு அபிப்பிராயங்களுக்கு இடமில்லை. ஆயினும், அந்தக் கணக்கு நோயாளிக்கு விளைந்த பயனை அறியக் கேட்கப்படுகிறதா, குறித்த தேதிக்குள் பணம் தீர்ந்ததா என்பதை அறிய மட்டும் கேட்கப்படுகிறதா என்பதை நமது நிதி நிர்வாகம் இனியேனும் தெளிவாக்க வேண்டும்.

நமது கரையிலிருந்தே ஓர் உதாரணத்தை எண்ணிப் பார்க்கலாம். தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரத்துக்குக் கிழக்கே, கடலோர உப்பளங்களில் வெயிலின் கண்கூச்சத்தையும் உப்புநீரால் பாதத்தில் விழும் வெடிப்பையும் சகித்து உழைப்பவர்களின் சிறுநீரகமும் கண்ணும் எவ்வளவு பழுதடைகின்றன என்று ஒருவர் ஆராய முற்பட்டால், அவர் இரத்தமும் சிறுநீரும் சேகரிக்க வேண்டிய காலம் சித்திரை முதல் ஆனி வரையிலான கடுங்கோடை. மத்திய சர்க்காரின் திட்டங்கள் பலவற்றிலோ, செலவாகாத ஒதுக்கீடு மார்ச் 31-ஆம் தேதியோடு காலாவதியாகிவிடுகிறது. பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பி, தணிக்கை முடித்து, அடுத்த தவணைக்குக் காத்திருக்கையில் கோடை கடந்துவிடும். ஐப்பசி மழை தொடங்கினால் உப்பளத்தில் ஆளே இரார். பணம் பத்திரமாக இருக்கும், ஆய்வுதான் இராது.

ஒழுங்கான நிர்வாகம் என்ன சாதிக்கும் என்பதற்குச் சாட்சி தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை சர்க்கார், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து, முதலில் ஐந்தாண்டுத் திட்டமாகவே, சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த அதன் முதல் பெரிய ஆய்வு, நெருக்கமான குடியிருப்புகளில் அரைவயிற்றோடு வாழ்ந்த ஏழைகள் வீட்டிலிருந்தே மருந்துண்டாலும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களுக்கு ஏறத்தாழ ஈடாகக் குணமடைந்தார்கள் என்று 1959-ல் உலகுக்கு அறிவித்தது. வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்கு அதிக ஆபத்து நேரவில்லை என்பதும் பின்னர் உறுதியாயிற்று. அந்த நிலையத்தில் கண்டிப்புக்குக் குறைவிருந்ததா? முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று மாத்திரையை எண்ணினார்கள். மருந்து உண்டதை உறுதிசெய்யச் சிறுநீரைச் சோதித்தார்கள். அந்தக் கண்டிப்பு முழுவதும் உண்மையை அறிவதற்காகவே செலவிடப்பட்டது என்பதுதான் இன்றைய நிர்வாகிகள் கற்க வேண்டிய பாடம். இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையமாக அது தொடர்ந்து பணியாற்றுகிறது.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. ஆராய்ச்சிக்கென்று தனி தேசிய அறக்கட்டளை அமைக்க 2023-ல் சட்டம் இயற்றப்பட்டது. இளநிலை ஆய்வாளரின் மாத உதவித்தொகை அவ்வாண்டு ஜனவரி முதல் 37,000 ரூபாயாக உயர்ந்தது. விலைப்புள்ளி கோராமல் நேரடியாக வாங்கும் வரம்பு, மத்திய அறிவியல் நிறுவனங்களுக்கு, 2025-ல் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாயிற்று. ஆனால் உயர்த்திய உதவித்தொகை மாதந்தோறும் கைக்கு வராவிட்டால் அந்த உயர்வினால் பிரயோஜனம் என்ன?

தேதியைத் தளர்த்தினால் பணம் முடங்கும், முறைகேடு பெருகும் என்று தணிக்கையாளர் அஞ்சலாம். அந்த அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. எனினும், ஆண்டிறுதியில் பணம் திரும்பிப் போய்விடுமே என்ற பதற்றத்தில் தேவையற்ற கருவியை வாங்கி உறை பிரிக்காமல் வைப்பதும் விரயமே. அது ரசீதோடு கூடிய விரயம் என்பதால் தணிக்கையின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

ஆகவே நாம் வற்புறுத்துவது மூன்று. அனுமதித்த திட்டத்தின் பணம், அத்திட்டம் முடியும்வரை, ஆண்டெல்லையைக் கடந்து செல்ல வேண்டும். மானியத்தோடு நிறுவனத்துக்குக் கிடைக்கும் மேற்செலவுத் தொகையில் ஒரு பகுதி, விண்ணப்பம், நெறிமுறைக் குழு ஒப்புதல், கொள்முதல், கணக்கு ஆகியவற்றைப் பார்க்கும் பயிற்சிபெற்ற நிர்வாகிகளின் ஊதியத்துக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். பேராசிரியரை ஆய்வுக்கூடத்திலிருந்து எழுப்பிக் குமாஸ்தா நாற்காலியில் அமர்த்துவது இருவர் வேலையையும் கெடுக்கும். மூன்றாவதாக, தனியே இத்தகைய அலுவலகம் வைக்க வசதியில்லாத கல்லூரிகளுக்கு, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஒரு பொது மானிய அலுவலகம் ஏற்பட வேண்டும். 1842-ல் ஜி.யு. போப் வந்து கல்விப்பணி தொடங்கிய சாயர்புரத்தில், அவர் பெயரால் கல்லூரி நடக்கும் ஊரில், அறிவுக்குப் பஞ்சமில்லை. அந்த அறிவை மானியத்தோடு இணைக்கும் ஆள்தான் இல்லை.

இவற்றுள் எதற்கும் புதிய வரி வேண்டியதில்லை. விதியைத் திருத்தும் மனமே வேண்டும். வரும் நிதியாண்டு பிறப்பதற்கு முன் மத்திய நிதியமைச்சகம் முதல் திருத்தத்தைச் செய்யட்டும். மற்ற இரண்டையும் மாநில சர்க்காரும் பல்கலைக்கழகமும் தாமதமின்றி மேற்கொள்ளட்டும்.