ஏலமலை ஏறாத மின்வண்டி



புதுமையைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் அல்லர் நாம். மின்சார வண்டி வேண்டாம் என்று சொல்வதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. வேண்டும் என்று சொல்லவே எழுதப்படுகிறது. ஆனால் யாருக்கு வேண்டும்? எங்கே வேண்டும்? இவ்விரு கேள்விகளையும் எழுப்பாமல் பந்தல் போட்டுப் பதாகை கட்டுகிறார்களே, அவர்களோடுதான் நமக்கு வழக்கு.

2021 பிப்ரவரி 19 அன்று டில்லியில் ‘கோ எலக்ட்ரிக்’ என்னும் பிரச்சாரத்தை மத்திய அமைச்சர் நிதின் கட்கரி தொடங்கி வைத்தார். பெயரிலேயே தமிழ் இல்லை, போகட்டும். செப்டம்பர் 9 பிறந்தால் உலக மின்வாகன நாள் என்று ஒரு கொண்டாட்டம். வண்டியைத் துடைத்து நிறுத்துகிறார்கள். தொட்டுப் பார், ஏறிப் பார், ஒரு சுற்று ஓட்டிப் பார் என்கிறார்கள். அறியாததை மக்களுக்கு அறிமுகப்படுத்துவது நல்ல காரியம்தான். ஆயினும் அந்தப் பந்தலில் நிற்பது எது? தவணையில் ஒருவர் வாங்கத்தக்க ஸ்கூட்டர். வசதி படைத்தோர் வாங்கத்தக்க கார். பத்துப் பேர் கூலி வேலைக்குப் போகும் வண்டியை அங்கே காண்பது அரிதினும் அரிது. வாங்குபவனுக்கே அறிமுகம், ஏறிச் செல்பவளுக்கு இல்லை!

போடிநாயக்கனூருக்கு வாருங்கள். பொழுது புலராத வேளையில் வாருங்கள். தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் தெருமுனையில் நிற்பார்கள். ஜீப் வரும். அளவுக்கு மேல் ஆட்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டின் கொண்டையூசி வளைவுகளில் முக்கி முனகி ஏறும். எல்லை கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் இறங்கி, செடியின் தூரில் குனிந்தும் குந்தியும் நாள் முழுதும் காய் எடுத்து, மாலையில் அதே வளைவுகளில் அவர்கள் திரும்ப வேண்டும். ஜீப் கவிழ்ந்த செய்தியை நீங்கள் எத்தனை முறை படித்திருப்பீர்கள்! படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்போம், நாமுந்தான்.

அந்தப் பெண் எடுத்த காய் போடியிலும் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில், கணிப்பொறித் திரையில், நொடிப்பொழுதில் விலை போகிறது. காய்க்கு மின்னணு, காய் எடுத்த கைக்கு டீசல் புகை!

இந்த மலையின் வரலாறே இப்படித்தான் இருந்து வந்திருக்கிறது. வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடம் கட்டித் தேயிலைப் பெட்டிகளை இறக்கினார்கள். அங்கிருந்து பெட்டிகள் வண்டியேறிப் போடிக்கு வந்தன. பெட்டிக்கு ஆகாய மார்க்கம் கிடைத்தது. கொழுந்து கிள்ளியவளுக்குக் கால்நடை. 1928இல் வந்த மதுரை – போடி ரயிலை, அகலப்பாதை போடுவதாகச் சொல்லி 2010 இறுதியில் நிறுத்தினார்கள். போடிக்கு மீண்டும் ரயில் வந்தது எப்போது தெரியுமா? 2023 ஜூன் 15! பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் தண்டவாளத்துக்குக் காத்திருந்த ஊரைப் பார்த்து, பொறுமையாயிருங்கள், மின்வண்டி மெல்ல வரும் என்று எந்த வாயால் சொல்வது?

“மலையில் மின்வண்டி ஏறாதே” என்பார் சிலர். கணக்கே போட்டுவிடுவோம். போடியிலிருந்து மெட்டு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். ஆட்களோடு இரண்டரை டன் எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்க வேண்டிய மின்சாரம் ஏழு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. சாலையின் உராய்வு, இயந்திரத்தின் இழப்பு எல்லாம் சேர்த்தாலும் பத்துப் பன்னிரண்டு யூனிட். இவ்வளவுதான் மலை! இறங்கும்போதோ மோட்டாரே மின்னாக்கியாக மாறி, செலவழித்ததில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பித் தருகிறது. பிரேக்கும் சூடேறாது தப்புகிறது. (மேட்டில் முழுக்க மின்னேற்றிக்கொண்டு இறங்கலாகாது, திரும்பி வரும் மின்சாரத்துக்கு மின்கலத்தில் இடம் இராது. பந்தலில் சொல்லவேண்டிய பாடம் இது.) மதுரைச் சமவெளியைவிட இந்தச் சரிவுக்கே மின்வண்டி பொருத்தம் என்பேன்.

பின் ஏன் வரவில்லை? தமிழக அரசின் 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கையைப் புரட்டுங்கள். 50,000 கோடி ரூபாய் முதலீடு, ஒன்றரை லட்சம் வேலை என்று இலக்கு வைத்தது அது. ஆறு நகரங்களை மின்வாகன நகரங்களாக்குவோம் என்றது: சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், நெல்லை. 2025 ஜூன் 30இல் சென்னைக்கு 120 மின்சாரப் பேருந்துகள் வந்தன, மகிழ்ச்சி. அதே ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் நிறுவனத்தின் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது, அதுவும் சரி. மலையடிவாரம் மட்டும் எந்தப் பட்டியலில் இருக்கிறது? எல்லைக்கு அப்பால் கேரள மின்வாரியம், தெருவில் நிற்கும் மின்கம்பத்திலேயே ஆட்டோவுக்கும் இருசக்கர வண்டிக்கும் மின்னேற்றும் வசதியைப் பொருத்திக் காட்டியது. கம்பம் நம்மிடமும் உண்டு, மனந்தான் வேண்டும்.

ஜீப் ஓட்டுநரை எதிரியாக்கி விடாதீர்கள், தோழர்களே. கடன் வாங்கி வண்டி வாங்கி, அந்தக் கடனை அடைக்கவே ஆளை அடைப்பவர் அவர். பழைய வண்டியை ஒப்படைத்து மின்வண்டி எடுக்க, கூட்டுறவு வங்கி வழியே குறைந்த வட்டிக்குக் கடன் அவருக்கு வேண்டும். தோட்டத் தொழிலாளருக்கென இரு மாநில அரசுகளும் பேசி, எல்லை தாண்டி ஓடும் சிறு மின்பேருந்துகளை விடவேண்டும். அந்தக் கட்டணத்தில் தோட்ட முதலாளி பங்கு தரவேண்டும். அவர் தோட்டத்துக்குத்தானே ஆள் போகிறது!

எனவே, அடுத்த கண்காட்சிக்கு உங்கள் ஊரில் பந்தற்கால் நடும்போது, அதிகாரிகளிடம் நேரில் சென்று கேளுங்கள். மாலை ஆறு மணிக்கு மண்டபத்தில் வேண்டாம். விடியற்காலை, போடியில் ஜீப் புறப்படும் இடத்திலேயே வையுங்கள். தூக்குச்சட்டியோடு நிற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டுவரை ஒருமுறை போய்வாருங்கள். வண்டியைப் பற்றிய தீர்ப்பை அவர்கள் சொல்லட்டும்.